ஷிஃப்ட் கீயும் என் சுண்டுவிரலும்

அன்புள்ள டமாரத்துக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காத் தூங்கி, நல்லபடியா இருப்பேன்னு நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, ஓடுற பஸ்ஸுல உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும், ஆனா நம்ம வீட்டு மேஜையிலதான் எழுதுறேன், மேஜை ஆடலை. ஒரு வருஷமா ஏம்மா எல்லாக் கடிதமும் அப்பா கையெழுத்துலயே வருதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தே, கண்ணாடி மாத்தணும் அதான்னு புளுகினேன். கண்ணுக்கு ஒண்ணும் இல்லடா. கை நடுங்குது.

லேப்ல இருபத்திரண்டு வருஷமா எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருப்பேன், ஊசி போனதே தெரியலைன்னு சொன்னவங்கதான் ஜாஸ்தி. போன வருஷம் ஒரு அம்மாவுக்கு மூணு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கலை, அவங்க என் கையைப் பார்த்தாங்க, நானும் என் கையைப் பார்த்தேன். மறுநாள் நானே போய் பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவர் டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு, பயப்படுற வியாதி இல்லை, மாத்திரை போட்டா கொஞ்சம் அடங்கும், ஆனா ஊசி மட்டும் இனி வேண்டாம்னு என்னை வாசல் கவுன்டர்ல உட்கார வெச்சார். டோக்கன் கிழிச்சுக் கொடுக்குற வேலை. நல்லதுக்குத்தான் செஞ்சார், இருந்தாலும் எனக்கு அழுகை அழுகையா வந்தது, இந்தக் கை இனி எதுக்குன்னு ஆயிடுச்சு. உன்கிட்ட சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்து நிப்பே, அதான் சொல்லலை. திட்டுறதா இருந்தா அப்பாவையும் சேர்த்துத் திட்டு, அவரும் கூட்டுக் களவாணிதான்.

இப்ப ஏன் சொல்றேன்னா அதுக்குக் காரணம் உன் ரூம்ல நீ விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர். போன மாசம் போன்ல, அந்தப் பாட்டை விட்டுட்டேம்மா, என்ன பண்ணினாலும் குரல் உள்ளேயே அமுங்கிப் போகுது, எனக்குக் காது பத்தலைன்னு சொன்னியே, அது மனசை அரிச்சுக்கிட்டே இருந்தது. தூசி தட்டப் போனவ, நீ அதுல பாடிப் பதிவு பண்ணி வெச்ச அந்தப் பாட்டை அப்படியே திறந்து பார்த்தேன், அப்பப்பா, ஒவ்வொரு சத்தத்தையும் கூட்டிக் குறைக்கத் திரை முழுக்கக் குமிழும் ஸ்லைடரும், இதை வெச்சு விமானமே ஓட்டலாம் போல. குமிழ் வட்டமா இருக்கேன்னு நான் மவுஸை மேஜை மேல வட்டம் வட்டமா சுத்தினேன், அப்பா வந்து பார்த்துட்டு மேஜையைத் துடைக்கிறியான்னு கேட்டார். மேலயும் கீழயும் இழுக்கணுமாம், வட்டமா வரைஞ்சு வெச்சுட்டு நேரா இழுன்னா யாருக்குடா தெரியும்? சரின்னு இழுத்தா என் கை சும்மா இருக்குமா, ஒரு நடுக்கத்துல உன் குரலே காணாமப் போச்சு, அடுத்த நடுக்கத்துல டிரம் போட்ட அலறல்ல அப்பா டீயை மடியில கொட்டிக்கிட்டார். நாலு நாள் இதே கூத்து. அஞ்சாம் நாள் எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்தது. லேப்ல ஊசி போடும்போது பேஷண்ட் கை அசையாம இடது கையால அழுத்திப் பிடிப்பேன் இல்லையா, அதே பழக்கத்துல இடது கையைக் கீபோர்டு மேல அழுத்தி ஊனிக்கிட்டு மவுஸை இழுத்தேன். குமிழ் குதிக்கலைடா! மவுஸ் ஒரு சாண் போச்சு, குமிழ் ஒரு நூல்தான் நகர்ந்தது. கை என்னவோ நடுங்கிக்கிட்டுத்தான் இருக்கு, திரையில நடுக்கத்தைக் காணோம். கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேன்னு அப்பா கத்தினார். குனிஞ்சு பார்த்தா என் இடது சுண்டுவிரல் ஷிஃப்ட் கீ மேல அழுந்தி இருக்கு. எடுத்தா குதிக்குது, அழுத்தினா அடங்குது. பத்து தடவை பண்ணிப் பார்த்துட்டு உட்கார்ந்து அழுதேன், இவர் நான் ஏன் அழறேன்னு தெரியாமலே கூட அழுதார்.

அப்புறம் மூணு வாரம், தினம் லேப்ல இருந்து வந்ததும் உன் பாட்டுதான். நீ குரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கே. நான் குரலைத் தொடவே இல்லை, கிட்டார் சத்தத்தை மட்டும் நூல் நூலா இறக்கிக்கிட்டே வந்தேன். ஒரு இடத்துல, நீ பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூச்சை இழுக்குறது கேட்டது. பக்கத்துல நீ உட்கார்ந்திருக்குற மாதிரியே இருந்தது, அங்கேயே நிறுத்திட்டேன். உனக்குக் காது எல்லாம் பத்தும், பொறுமைதான் பத்தாது, அது உங்க அப்பா கொடுத்தது. பென் டிரைவ் இந்தக் கவருக்குள்ள துணியில சுத்தி வெச்சிருக்கேன், உன் பழையது பழையபடியே இருக்கு, இது வேற பேர்ல. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னே சொல்லு, அம்மாவாச்சேன்னு மழுப்பாதே. முடியலைன்னு விட்டது வேற எது இருந்தாலும் அனுப்பு, டோக்கன் கிழிச்சது போக எனக்கு நேரம் நிறைய இருக்கு.

லீவு போட்டுட்டு ஓடி வராதே, வழக்கம்போல வரும்போது வா. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டே தூங்காதே. ஈரத் தலையோட வெளியே போகாதே. நீ நினைச்சது எல்லாம் நடக்கணும், உடம்பும் மனசும் நல்லா இருக்கணும்னு அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்றோம். இந்த நாலு பக்கம் எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அப்பா எழுதித் தரேன்னுதான் சொன்னார், நான்தான் வேண்டாம்னுட்டேன். காகிதத்துல அந்தக் கீ கிடையாது, அதனால என் கை எப்படி இருக்கோ அப்படியே உன்கிட்ட வருது, பார்த்துக்கோ.

இப்படிக்கு,
தன் கையாலயே எழுதின
உன் அம்மா