படகில் போன ‘நாங்கள்’

கல்பாக்கம்
ஆகஸ்ட் 2003

என்னங்க,

ஆம்ஸ்டர்டாமில் வீட்டு வாசலிலேயே கால்வாய் ஓடுகிறது என்று போனில் சொன்னீர்களே, குழந்தைகள் தவறி விழுந்துவிட மாட்டார்களா? சுற்றிக்காட்டும் படகுக்குக் கூரை உண்டா? மியூசியத்தில் ஓவியங்களைக் கிட்டப் போய்ப் பார்க்க விடுவார்களா?

அந்த ஊரைப் பார்க்கும் ஆசையில், ஞாயிற்றுக்கிழமை நம் வைஷாலியோடு சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போனேன். இடிந்த மதில், உள்ளே அவர்கள் எழுத்து செதுக்கிய கல்லறைகள். என்னால் ஒரு வரி படிக்க முடியவில்லை.

“இது யாரோட கோட்டை?” என்று காவலாளியைக் கேட்டாள் வைஷாலி.

“டச்சுக்காரன் கட்னான், உட்டுட்டுப் பூட்டான். இப்ப நம்மளுது பாப்பா.”

அவ்வளவுதான், சொந்த வீடு மாதிரி கோட்டை முழுக்க ஓடினாள். ஒரே சொல்லில் அவளையும் சேர்த்துக்கொண்டார் அந்த மனிதர்.

“நாங்க படகுல போனோம், நாங்க மியூசியம் பார்த்தோம்” என்று நீங்கள் சொன்னபோது, ஆபீஸ்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று, “நாங்க வீடு மாத்தப் போறோம்” என்றீர்கள். போனில் கேட்க வாய் வரவில்லை.

இங்கே நாங்கள் சௌக்கியம். நாங்கள் என்றால் நானும் வைஷாலியும்.

அங்கே ‘நாங்கள்’ என்றால் யார் யார்?

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா