கிளிப்பைக் கடிச்சிக்கிட்டுக் கேட்டது

என் செல்லச் சிடுமூஞ்சிக்கு,

அப்பா எழுதுறேன். நான் சௌக்கியம், முட்டி மட்டும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, இந்த வீட்டுல மத்தவங்க எப்படியோ அதுவும் அப்படி. நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஒழுங்காப் போத்திக்கிட்டு வேளைக்குச் சாப்பிடுறீங்கன்னு நம்புறேன். உங்கம்மா எப்படி இருக்கான்னு நீ போன்ல கேட்டா நான் எதையாச்சும் சொல்லிச் சிரிச்சு மழுப்புறேன்னு கோவிச்சுக்கிட்டு வச்சிட்டே. அதான் எழுதுறேன், தாள்ல சிரிச்சா உனக்குக் கேக்காது பாரு.

நீ அங்கேர்ந்தே ஏற்பாடு பண்ணின கவுன்சலிங்குக்குப் போனோம். கவுன்சலிங் குடுக்குற பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், நல்ல பொண்ணு, ஆனா கடுப்பேத்துறா. மாடியில சின்ன ரூம், எதிரெதிரா நாற்காலி, நடுவுல கண்ணு தொடைக்கக் காகிதம். யார் மேல தப்புன்னு சொல்லும்மான்னா சொல்ல மாட்டேங்குறா, நான் எதைச் சொன்னாலும் அது உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு என்னையே திருப்பிக் கேக்குறா. முடி வெட்ட வந்தவன் பின்பக்கம் குறைங்கன்னு சொன்னதும், அது உனக்கு எப்படி இருக்குன்னு நான் கேட்டுக்கிட்டு நின்னா அவன் மறுபடி என் கடைப்பக்கம் வருவானா? உங்கம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, மாசக்கணக்கா கட்டில் ஓரத்துலயே உக்காந்திருக்கா, தூக்கம் இல்ல, தையல் மெஷின்ல பாதி தைச்ச துணி அப்படியே கிடக்கு, தலைகூட வாரல. டாக்டர் மனச்சோர்வுன்னு மாத்திரை குடுத்து, மனசு விட்டுப் பேசணும்னும் சொன்னாரு. பேசுறதுக்குன்னு போன இடத்துலயும் வாயைத் தொறக்கல. அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு வழி சொன்னா, ஒருத்தர் ஒண்ணு சொல்லணுமாம், மத்தவர் எதையும் சேர்க்காம அதையே திருப்பிச் சொல்லணுமாம். உங்கம்மா மெதுவா, எனக்குத் தூக்கமே வரலன்னா. நான், இவளுக்குத் தூக்கமே வரலையாம், பக்கத்துல ஒருத்தன் குறட்டையில லாரி ஓட்டுறானாம்னேன். அந்தப் பொண்ணுக்கே சிரிப்பை அடக்கி உதடு துடிச்சுது, நான் பாத்தேன். உங்கம்மா சிரிக்கல. பையை எடுத்துக்கிட்டுப் போயி மாடிப்படியில நின்னுட்டா. வீட்டுக்கு வந்ததும், இனிமே நான் அங்க வரமாட்டேன்னுட்டா. அவங்க பேசலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது, எல்லாம் உங்க வாயாலதான்னு நீ சொல்றே. ஏம்மா, இந்த வாயாலதானே கடைக்குக் கூட்டம் வந்துச்சு, அதுலதானே நீ படிச்சே? இப்ப அதைக் கழட்டி வைன்னா எங்க வைக்கிறது, அது என்ன பல்செட்டா?

கடை லீவு அன்னிக்கு உங்கம்மா தலையைப் பாத்தா முடி சிக்கு விழுந்து கயிறாக் கிடக்கு. வெட்டி விட்ருங்கன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு, எழுந்திரிடின்னு கடைக்குக் கூட்டிட்டுப் போயி, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, நாற்காலியில உக்கார வச்சு எண்ணெய் தடவி, முடியைப் பாகம் பாகமாப் பிரிச்சுக் கிளிப் போட்டேன். மிச்சக் கிளிப்பை எப்பவும் போல வாயில கடிச்சிக்கிட்டேன். நுனியிலேர்ந்து சிக்கெடுக்க ஆரம்பிச்சேன். அப்புறம் அவ கண்ணாடியைப் பாத்துக்கிட்டே, "காலையில முழிச்சா எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியலங்க. சொன்னா நீங்க அதுக்கும் ஒரு கிண்டல் வச்சிருப்பீங்க. அதான் சொல்றதில்ல"ன்னா. ஒண்ணு வச்சிருந்தேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா வாய் நிறையக் கிளிப்பு, ரெண்டு கையிலயும் அவ முடி, விட்டா மறுபடி சிக்கிக்கும். முழுங்கிட்டேன், பேச்சைத்தான், கிளிப்பை இல்ல. அவ பேசிக்கிட்டே போனா. என்னென்ன சொன்னான்னு எழுத மாட்டேன், அது உனக்கில்ல. கடைசிக் கிளிப்பை எடுத்ததும், எதுக்கு எந்திரிக்கணும்னு உனக்குத் தெரியலன்னு அவ சொன்னதை அப்படியே சொன்னேன். ஒண்ணும் சேக்கல, சத்தியமா. அவ கண்ணாடியில என்னைப் பாத்து, வியாழக்கிழமை கவுன்சலிங்குக்குப் போலாம், ஆனா அந்தக் கிளிப்பை மறக்காம எடுத்துக்கிட்டு வாங்கன்னா. அந்தப் பொண்ணு முன்னாடி நான் அதைக் கடிச்சிக்கிட்டு உக்காரணுமாம். எனக்கு இந்த வயசுல இது தேவையா, நீயே சொல்லு.

எனக்கு இன்னும் கடுப்பு அடங்கல, அந்தப் பொண்ணு வேற இதைத் தன் வைத்தியம்னு நினைச்சுக்கும். உனக்கும் என் வாய்தான் வாய்ச்சிருக்கு, பாவம் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை போன் போட்டா என்கிட்ட குடுக்கச் சொல்லாதே, அம்மாகிட்டப் பேசு. நட, தண்ணி குடி, சந்தோஷமா இருன்னு அடுக்காம, எப்படி இருக்கேன்னு ஒரே தடவை கேட்டுட்டுச் சும்மா இரு. முடியலன்னா அங்கயும் கிளிப் விக்கும்.

ரெண்டு பேரும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்டுக்கிட்டு நல்லா இருங்க, குறைவில்லாம இருங்க. உங்கம்மா இப்பத்தான் இதைப் படிச்சுட்டு, அந்த லாரி கதையை அடிச்சு எடுத்துடுங்கன்னா. அடிக்கல. உதட்டோரமா லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

இப்படிக்கு,
வியாழக்கிழமை வாயடைச்சு உக்காரப் போற
உன் அப்பா