பாய்மரம் சாய்ந்த அன்று சொன்னது

ஒன்றுமில்லை அக்கா, பசை வாசனைதான். பக்கத்து வீட்டில் வெடிக்குப் பேப்பர் குழாய் உருட்டுவதற்கு, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு மைதாவைக் காய்ச்சுகிறார்கள். நாரணாபுரத்தில் இந்த வாசனை இல்லாத தெரு ஏது? இருந்தாலும் எழுந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். லாரிக்குப் போகவில்லை. உனக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று செல்வி வந்திருந்தாள். போன சீசனில், தீப்பிடித்த அறையிலிருந்து நீ வெளியே தள்ளிவிட்ட செல்வி. போகும்போது ஒரு பேச்சு சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் படகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று கரையில் பேசினது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டேன். உன் பட்டாசுக் கம்பெனியில் ஒரு சீசன் வேலை பார்த்தேன், அதையும் விட்டேன். லாரியில் கிளீனராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பழைய சாமான் கிடங்கில் அது குப்புறக் கிடந்தது. பதினாலு அடி ஃபைபர் பாய்ப்படகு. டிரைவரைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்து நம் வாசலில் இறக்கினேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படகைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"ஏலே, கடல் எந்தப் பக்கம் இருக்குன்னாவது ஒனக்குத் தெரியுமா?"

"ஆனைக்குட்டம் அணை இருக்குல்லக்கா. மழையில ரொம்பிக் கெடக்கு."

"படிப்பைத்தான் பாதியில விட்ட. இதையாவது முழுசா முடிப்பியா?"

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த நேரம். வேலையில்லாமல் இருக்க உன் கைக்குத் தெரியாது. மறுநாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். மேல்தட்டில் கயிறு கட்டுகிற கொண்டிகள் எல்லாம் ஆடின. கழற்றிப் பார்த்தால் அடியில் இருந்த பலகை தண்ணீர் குடித்து ஊறி, விரலால் நோண்டினாலே வந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்து, மேலே ஃபைபர் பூசி, புதுசாகத் துளை போட்டேன். இறுகிப்போன கப்பிகளை மண்ணெண்ணெயில் ஊற வைத்தாய். பாய்மரத்தை இரண்டு பக்கமும் முன்னாலும் இழுத்துப் பிடிக்கிற கம்பி வடங்கள் இழை இழையாகப் பிரிந்து கையைக் கிழித்தன. லேத் பட்டறையில் சொல்லிப் புது வடம் போட்டேன்.

கயிற்று நுனிகள் பிரியாமல் நூல் சுற்றியது நீ. அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிற கை அல்லவா? நான் ஒரு நுனி சுற்றுவதற்குள் நீ ஏழு முடித்தாய். எதிர்வீட்டுப் பெரியம்மா நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏத்தா, படகுக்குத் திரி எங்கன வைக்கப்போற?"

"பின்னாடிதான் பெரியம்மா. ஒங்க வாசல்லதான் கொளுத்தப்போறேன், தள்ளி நில்லுங்க."

அந்தச் சிரிப்பு முடிவதற்குள்தான் நான் சுத்தியலை எடுத்தேன். பக்கவாட்டு வடத்தின் அடிமுனையைப் படகோடு சேர்ப்பது ஒரு தடித்த ஆணி. அது நழுவாமல் இருக்க அதன் முனைத் துளையில் ஒரு பிளவு ஊசியைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் தட்டி மடக்க வேண்டும். குறட்டுக்கு அது மசியவில்லை. ஒரே ஒரு அடிதான் அடித்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாய்.

"இரும்பை இரும்பால தட்டாதலே."

"இங்க என்ன வெடிமருந்தா கொட்டிக் கெடக்கு?"

"தெரியும்லே. ஆனா முடியல."

உன் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன. எனக்கும் பொறுமை கிடையாது. சுத்தியலை வீசிவிட்டேன். ஊசிக்குப் பதிலாக நீ அந்த ஆணியின் மேல் பசை தடவிச் சணல் சுற்றினாய், வெடிக்குச் சுற்றுகிற மாதிரியே. இரண்டு நாள் வெயிலில் காய்ந்து கல்லாக இறுகியது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. மைதாப் பசை தண்ணீரில் கரையும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை அக்கா. நம் ஊரில் பசை தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. மழை வந்தால் வேலையையே நிறுத்திவிடுகிற ஊர்.

அணையில் முதல் சுற்று வந்தபோது நீ ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாய். இரண்டாவது சுற்றில் கண்ணைத் திறந்தாய். மூன்றாவதில் முந்தானை பறக்க, "எம்புட்டுக் காத்துலே!" என்று கத்தினாய். நீ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. தண்ணீர் தெறித்துத் தெறித்துச் சணல் ஊறிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

டமார் என்று சத்தம். ஆணி கழன்று, வடம் விட்டு, பாய்மரம் சாய்ந்தது. நான் குதித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. கம்பெனியில் முதல் நாள் நீ சொன்னது அது ஒன்றுதான். "சத்தம் கேட்டா ஓடு. திரும்பிப் பாக்காத." அணைக்கு நடுவில் எங்கே ஓடுவது? காலில் கயிறு சுற்றிக்கொண்டது. மூச்சு வாங்க மேலே வந்தால் தலைக்கு மேல் பாய். எந்தப் பக்கம் போனாலும் நனைந்த துணி.

அப்புறம் என் முடியில் உன் கை. நீச்சல் தெரியாதவள், படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, பாயை விலக்கி, முடியைப் பிடித்து இழுத்துவிட்டாய்.

மீன் பிடிக்கிறவர்கள் வந்து நம்மைக் கரை சேர்த்தார்கள். நான் இருமிக்கொண்டே சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"எனக்கு ஓடத் தோணலலே," என்றாய். அப்புறம் பேச்சியைப் பற்றிச் சொன்னாய். முன்னொரு தடவை கம்பெனியில் உன் அறை தீப்பிடித்தபோது உன் கூட்டாளி பேச்சி கருகிப்போனது ஊருக்கே தெரியும். மீதியை யாரிடமும் நீ சொன்னதில்லை.

"வாசல்ல சேலை மாட்டிக்கிச்சு அவளுக்கு. ஏ புள்ள, ஏ புள்ளன்னு கூப்புட்டா. கேட்டுச்சுலே. நல்லாக் கேட்டுச்சு. நான் திரும்பல."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். உன்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். எனக்கு வாய்தான் முன்னால் போகும் என்று உனக்குத் தெரியும்.

"இன்னைக்கு மாதிரி அன்னைக்கும் திரும்பியிருந்தா, பேச்சியும் இருந்திருப்பாள்லக்கா?"

நீ முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாய். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்தாய்.

"ஆமாலே," என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் நாம் படகைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நாள். லாரி ஆமத்தூர் தாண்டும்போதே எனக்குப் புகை தெரிந்தது. நீதான் முதலில் வெளியே ஓடி வந்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள். வேப்பமரம் வரைக்கும் வந்துவிட்டாயாம். செல்வியின் குரல் கேட்டதும் நின்றாயாம். திரும்பி உள்ளே போய் அவளை வெளியே தள்ளினாய். இரண்டாவது சத்தம் அப்போதுதான். பெரிய மனசு, பெரிய மனசு என்று உன் எழவு வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் பந்தலுக்கு வெளியே போய் நின்றேன்.

நேற்று செல்வி முழங்கை வரைக்கும் சுருங்கின தோலோடு வந்து நின்றாள்.

"நாளையில இருந்து வேலைக்குப் போறேண்ணே."

"கை சரியாயிடுச்சா?"

"நூல் சுத்த வருது. அண்ணே, அக்கா என்னைய விட்டுட்டுப் போயிருந்தாகன்னா நான் இல்ல. இனி நானும் யாரையும் விட்டுட்டு ஓட மாட்டேன். அக்கா மேல சத்தியம்ணே."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அணைக்கரையில் நான் சொன்ன ஒரு வரி அக்கா. உன்னிடமிருந்து அவளுக்குப் போய்விட்டது. அது என் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நீ திரும்பினது தப்பு என்று அவளிடம் சொல்ல முடியுமா? உயிரோடு என் முன்னால் நின்று டீ குடிக்கிறாள். சரி என்று சொன்னால், அடுத்த தடவை சத்தம் கேட்கும்போது அவள் நிற்பாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாசம்தான் ஆகிறது.

அதனால் புத்தி ஒன்றும் சொல்லப் போவதில்லை. பேச்சியைச் சொல்லப் போகிறேன். நான் உன்னிடம் கேட்டதைச் சொல்லப் போகிறேன். நீ முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்ததையும். அது உன் மனசு மட்டும் இல்லை, என் நாக்கும் சேர்ந்துதான் உன்னை உள்ளே அனுப்பியது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். காறித் துப்பினாலும் துப்பட்டும். அந்தச் சத்தியத்தை மட்டும் அவள் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் தூக்குவாளிச் சத்தம் கேட்கிறது. கம்பெனி வேன் தெருமுக்குக்கு வந்துவிட்டது. அவள் ஏறுவதற்குள் நான் போகணும் அக்கா.