துருவில் பதிந்திருந்த கை

என் நைனாவுக்கு,

உன் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். எங்கே இருந்தாலும் நீ முதலில் இதைத்தான் கேட்பாய். எங்கேயாவது இருக்கிறாய் என்று நான் நம்புவதில்லை, அது உனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள் ஸ்டேஷனில். லைசன்ஸ் உன் பெயரில். நீ போன பிறகு அது வீட்டில் இருக்கக் கூடாது. பட்டாளத்திலிருந்து வந்து வங்கிப் பணவண்டிக்குக் காவல் போன காலமெல்லாம் உன் தோளில் தொங்கிய ஒற்றைக்குழல். கொடுப்பதற்கு முன் ஒருமுறை துடைத்துவிடலாம் என்று ராயபுரத்திலிருந்து வந்து, உன் பீரோவைத் திறந்தேன்.

நீ செய்வதைப் போலவே குழலைத் தரைப் பக்கம் சாய்த்து, மடக்கித் திறந்து உள்ளே பார்த்தேன். காலி. மறுபடியும் பார்த்தேன். தோட்டாக்கள் தனியாக ட்ரங்குப் பெட்டியில், அதன் சாவி என் கைப்பையில். இவ்வளவும் தெரிந்தும் மூன்றாவது முறையும் பார்த்தேன்.

குழலின் நடுவில் செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தது. மேலோட்டமானதுதான். நம் காலடிப்பேட்டை வீட்டில் ஜன்னல் கம்பியே உப்புக்காற்றுக்குத் தாங்குவதில்லை, அதனால் முதலில் பயம் வரவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். குழலின் நீலக்கருப்பு நிறம் பெயிண்ட் இல்லை, இரும்பே பதப்பட்டு நிற்கும் மெல்லிய தோல். அழுத்தித் தேய்த்தால் துருவோடு அதுவும் போய்விடும். வேதியியல் படித்தவளுக்கு இது புதிதில்லை. அந்தத் தோலும் இரும்போடு ஆக்சிஜன் சேர்ந்ததுதான், துருவும் கிட்டத்தட்ட அதேதான். ஒன்று காக்கிறது, மற்றது தின்கிறது. நைசான இரும்புப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, கையுறை போட்டுக்கொண்டு, வருடுவது போலத் தேய்க்க ஆரம்பித்தேன்.

கையுறை வியர்வைக்காக. வெறும் கையால் பிடித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால், கை பட்ட இடத்தில் அந்த வடிவிலேயே துரு ஏறும். இது நினைவுக்கு வந்தபோது தேய்ப்பதை நிறுத்தினேன். இன்னும் தேய்க்காத பக்கத்தில் பட்டை பட்டையாக நான்கு தடம், எதிர்ப்பக்கம் தடித்ததாக ஒன்று. என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் எட்டவில்லை.

உன் கையாக இருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில்கூட அதைத் துடைத்துத்தான் வைத்தாய். வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "இருடா, இதுக்கும் மூச்சு முட்டும்ல?" என்று மூச்சிரைக்கச் சிரித்தாய். உன் அளவுக்குப் பெரிய கை இந்த வீட்டில் இன்னும் ஒருவனுக்குத்தான் இருக்கிறது.

மணலி கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது தம்பி சேகரின் வேலை போனது உனக்குத் தெரியும். அவன் மனைவி தாய்வீட்டுக்குப் போனவள், உன் காரியத்துக்கு வந்துவிட்டு அன்றே திரும்பிவிட்டாள். நான் துப்பாக்கியைத் துடைக்க வருவதற்கு முந்தின வாரம் போனில் கேட்டான், "ட்ரங்குப் பொட்டி சாவி எங்கக்கா? ரேசன் கார்டு அதுலதான் கீது." கார்டு பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது என்று சொல்லி நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன், நைனா?

கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோதுதான் சேகர் உள்ளே வந்தான்.

"இன்னாக்கா, கொயந்தைக்கு எண்ண தேக்கிற மாரி தேச்சிகினு கீற? உப்புத்தாள் போட்டு ஒரே இழு, அல்லாம் பூடும்."

"தோலும் சேர்ந்து போயிடும். உன் கையைக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுடா."

அவன் குழலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், அம்மாவிடம் அடி வாங்கப் போகும்போது நிற்பானே, அப்படி.

"நைனா வாசன அடிக்கும்னு எடுத்தேன்க்கா."

நம்பக்கூடியதுதான். அந்த எண்ணெய் வாசனைக்கு நானும் மூக்கை வைத்துப் பார்த்திருந்தேன். ஆனால் சாவி எதற்கு? கேட்டால் இல்லாத நினைப்பை நானே அவனுக்குள் போட்டுவிடுவேனோ? கேட்காமல் நான் வீட்டுக்குப் போய்விட்டால்?

"செத்துடலாம்னு தோணுச்சாடா?"

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போனது. தரை அதிர்ந்து அடங்கியதும் பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்தான்.

"ஒரு தபா," என்றான். "அப்பால எடுத்த எடத்துலயே வெச்சிட்டேன்."

துரு பாதிதான் போயிருந்தது. இன்னும் கொஞ்சநேரம் பொறுமையாகத் தேய்த்திருந்தால், நீ வைத்திருந்ததைப் போலவே ஆகியிருக்கும். உனக்கு அது மானப் பிரச்சினை என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கொஞ்சநேரத்தை என்னால் கொடுக்க முடியவில்லை. துணியில் சுற்றினேன், தோட்டாக்களை எடுத்துக்கொண்டேன். "சட்டையைப் போடு" என்றேன்.

ஸ்டேஷனில் ஏட்டு துணியைப் பிரித்ததும் முகம் சுளித்தார். "இன்னாம்மா, பட்டாளத்துக்காரர் துப்பாக்கி, இப்டி துரு புடிச்சிகீது?"

கடல்காற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சேகர் சொல்லிவிட்டான்: "என் கைதான் சார்."

ஏட்டு எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

இப்போது அவன் என்னோடு ராயபுரத்தில் இருக்கிறான். டாக்டரிடம் கூட்டிப்போனேன், மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார், வருவதாகச் சொல்கிறான். துப்பாக்கி போய்விட்டது, என் பயம் போகவில்லை. குளிக்கப் போனவன் கொஞ்சம் தாமதித்தாலும் கதவைத் தட்டுகிறேன். "சோப்பு போடவாவது வுடுவியா?" என்று உள்ளிருந்து கத்துகிறான். அந்தக் கத்தல் எனக்கு வேண்டும்.

இதை அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "போடு. ஆனா அந்த உப்புத்தாள் மேட்டர வுட்டுடு, மானம் பூடும்" என்றான். அதை நான் விடவில்லை. அவன் திட்டட்டும்.

உன் துப்பாக்கியைத் துருவோடு கொடுத்ததற்கு என்னைக் கோபித்துக்கொள். உன் பிள்ளையின் கதவை மட்டும் நான் தட்டிக்கொண்டே இருப்பேன், நைனா.

உன் மூத்த பெண்,
சேகரின் அக்கா,
கலா