திரைச்சீலைக் கம்பியில் கிடந்த பாம்பு

நாலு நாளாகக் கமலேஸ்வரி கணவனோடு பேசவில்லை. அவளைக் கேளாமல் ஞானேஸ்வரன் ஒரு கார்ப்பெட் பைத்தன் குட்டியை வாங்கிவந்து, ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்த வீட்டின் முன்னறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். விஷமில்லாத மலைப்பாம்பு என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

இன்று காலை அவர் பேக்கரி வேலை முடிந்து திரும்புமுன், பெட்டியின் கதவு விலகியிருந்தது. பாம்பு திரைச்சீலைக் கம்பியில் சுற்றிக் கிடந்தது. கூப்பிட வீட்டில் ஒருவருமில்லை. கமலேஸ்வரி கதிரையில் ஏறி, இரண்டு கையாலும் அதை எடுத்துப் பெட்டிக்குள் விட்டாள். பிறகு மேசையில் உட்கார்ந்து அவருக்கு ஒரு தாளில் எழுதினாள்.

"இஞ்சேருங்கோ, புட்டும் மீன் குழம்பும் அடுப்பில இருக்கு. மத்தியானம் மீட்டர் பார்க்க ஆள் வரும், முன்னறைக்குள்ள விடாதேங்கோ.

பாம்பு வெளியில வந்திட்டுது. நான்தான் பிடிச்சு விட்டனான். விரலில கடிச்சது, ரெண்டு சொட்டு ரத்தம்தான். கழுவி மருந்து போட்டிட்டன். பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்குங்கோ.

பாம்புத் தீனுக்கு வாங்கின எலிப் பெட்டியை ஃப்ரீசரில என்ர மீனுக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ.

கேளாமல் வாங்கினதுக்கு எனக்கு இன்னும் கோவம்தான்."

வெளியே போகக் கோட்டைப் போடும்போது மணிக்கட்டைப் பார்த்தாள். கடித்த பிறகும் பாம்பு விழப் பயந்ததுபோல அந்த மணிக்கட்டைத்தான் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"வந்த நாளிலயிருந்து அது ஒண்டும் தின்னேல்லை எண்டு ஃபோனில ஆருக்கோ சொன்னனீங்கள். இண்டைக்குத் தீன் குடுக்கிறதெண்டால் பின்னேரம் ஆறு மணிக்குக் குடுங்கோ. நானும் வந்து பக்கத்தில நிக்கிறன்."