பதினேழாம் எண் எலி

1958 ஜனவரி 20, திங்கள்

எலிகள் வந்துவிட்டன! எங்கள் தீவின் காத்ர் போர்ன் ஊரில் காலமான ஒரு கப்பல் கேப்டன் வீட்டிலிருந்து பெரிய பெட்டி. உள்ளே நாற்பது எலித்தோல், நாற்பது தீப்பெட்டி. தீப்பெட்டிக்கு ஒரு மண்டையோடும் அதன் கீழ்த்தாடையும். எல்லாம் தென் அமெரிக்காவில் பிடித்தவையாம். எங்கள் இயற்கை ஆராய்ச்சிச் சங்கத் தலைவி மதாம் ஜெனெவியேவ் தரையிலேயே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். "அரிசி எலிகள், மத்மாஸெல்! வகை பிரித்துப் பட்டியல் போடுங்கள். சரியாக வந்தால் உங்கள் வேலை நிரந்தரம்." பிப்ரவரியோடு என் ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிறது. ஆக, என் பிழைப்பு இனி எலிகளின் பல்லில்.

அப்பா சிரிக்கிறார். "அரிசி எலியா? நம்ம மூட்டையில இல்லாததா?"

கோயில் பள்ளியில் தமிழ் படித்ததற்கு ஒரு லாபம்: இந்த நோட்டை ஆபீசில் யாராலும் படிக்க முடியாது.

ஜனவரி 22

மதாம் பாடம் நடத்தினார். மேல் கடைவாய்ப்பல்லை லென்ஸில் பார்க்க வேண்டும். பல்லின் மேடுகள் மூன்று வரிசை என்றால் நம் வீட்டு எலியின் குலம். இரண்டு வரிசை என்றால் அமெரிக்கக் கூட்டம். அதிலும் மேலண்ண எலும்பு கடைசிப் பல்லைத் தாண்டிப் பின்னால் நீண்டிருந்தால் அரிசி எலி. அப்புறம் சதுப்பில் வாழ்வதா, மரத்தில் வாழ்வதா என்று உட்பிரிவுகள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்.

ஜனவரி 25, சனி

கொடியேற்றம். காவடி விரதம் ஆரம்பம். பத்து நாள் மீன் இல்லை, இறைச்சி இல்லை, தரையில் படுக்கை. இந்த வருஷம் நானும் காவடி எடுக்கிறேன். அம்மா இன்னொன்றும் சேர்த்தாள்: "செத்த எலி எலும்பைத் தொட்டுட்டு முருகன் முன்னாடி நிப்பியா? பா தூஸே!" தொடவே கூடாதாம்.

நல்லது. திங்கட்கிழமை என்ன செய்வேன்?

ஜனவரி 27

ஃபெர்னான் காப்பாற்றினார். எங்கள் சங்கத்தில் தோல் பதப்படுத்துகிறவர், ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவர். "எங்கையை ஒங்க முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரே, மாம்ஜெல்?" என்று மண்டையோடுகளை எடுத்து அளந்து சொன்னார்; நான் எழுதினேன். எலும்பின்மேல் மையால் எண் போடுவதும், பல் பார்ப்பதும் விரதம் முடிந்தபின்.

பிப்ரவரி 4

நேற்று காவடி. காலெல்லாம் கொப்புளம். மனசு லேசு.

பிப்ரவரி 6

நாற்பது மண்டையோட்டிலும் எண் போட்டாயிற்று. டிராங்கெபாரில் இருக்கும் வீட்டுக்கு நடக்க முடியவில்லை, பஸ்ஸில் வந்தேன்.

பிப்ரவரி 10

மதாம் கத்திய கத்தலில் ஆபீஸ் வாசலில் படுத்திருந்த நாய்க்குட்டி ஓடிவிட்டது! பதினேழாம் எண். தோலில் பின்னங்கால் விரல்களுக்கிடையே சவ்வு, சதுப்பு அரிசி எலி. மண்டையோட்டின் பல்லிலோ மூன்று வரிசை! இரண்டு குலத்துக்கும் நடுவே ஒரு புது எலி, உலகமே பார்க்காதது. லண்டன் அருங்காட்சியகத்துக்கு எழுதப் போகிறார். "நீங்கள் பிரித்தது. உங்கள் பெயரைத்தான் வைப்பேன்."

பிப்ரவரி 11

பூங்காவனம் என்று ஒரு எலி! "எலிக்கா?" என்கிறாள் அம்மா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிப்ரவரி 13

லண்டன் கடிதத்தை டைப் அடிக்கும்போது தாடையின் நீளம் வேண்டியிருந்தது. பதினேழாம் தீப்பெட்டியைத் திறந்தேன். கீழ்த்தாடையை மண்டையோட்டில் வைத்தால் — பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன். பொருந்தவேயில்லை.

ஃபெர்னான் மேஜையில் சங்கக் கிடங்கில் பிடித்த வீட்டு எலிகளின் மண்டையோடுகள் தட்டில் கிடந்தன. அதில் ஒன்றுக்கு மட்டும் நீண்ட அண்ணம், பல்லில் இரண்டு வரிசை. பதினேழின் தாடை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அளக்கும்போது இரண்டும் மாறியிருக்கிறது. எண் போட்ட பிறகே எலும்பு தீப்பெட்டியை விட்டு வெளியே வர வேண்டும் என்பது விதி. தொடக் கூடாதென்று தள்ளிப் போட்டவள் நான்.

என்ன பண்றது? சொன்னா பேரும் போச்சு, வேலையும் போச்சு. ஃபெர்னானுக்குக்கூடத் தெரியாது. சொல்லாட்டி? லண்டன்காரன் தாடையைக் கேட்டா? கேக்காட்டியும் — எனக்குத் தெரியுமே!

பிப்ரவரி 14

சொல்லிவிட்டேன். தாடையை வைத்துக் காட்டினேன். மதாம் தானும் ஒரு தரம் வைத்துப் பார்த்தார். "எப்போது தெரிந்தது?" "நேற்று." கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். "நீங்கள் போகலாம்."

ஃபெர்னான் வாசலில் பிடித்துக்கொண்டார். "ஆயோ, மாம்ஜெல்! எம்மேல போட்டிருக்கலாமே, எனக்குத்தான் வேலை நிரந்தரமாச்சே!" சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிப்ரவரி 19

வேலை நிரந்தரம் என்ற கடிதம் இன்னும் வரவில்லை. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 28

கடைசி நாள். என் கோப்பையையும் சீப்பையும் பையில் போட்டேன். மதாம் நாற்பது தீப்பெட்டியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "முதலிலிருந்து எல்லாவற்றையும் நீங்களே பாருங்கள். நான் பார்க்க வேண்டாம். எனக்குப் புதுசு வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது, கண் கெட்டுவிட்டது."

"இன்று ஒரு நாளில் முடியாது, மதாம்."

"யார் இன்று என்றது?"

நவம்பர் 8

பட்டியல் அச்சாகி வந்தது. பதினேழு: 'சதுப்பு அரிசி எலி. சாதாரணமாகக் கிடைப்பது.' அட்டைக்கு உள்ளே, வகை பிரித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்.

அம்மா பக்கம் பக்கமாகத் தேடினாள். "இதுல உன் எலி எது?"

"ஒண்ணுகூட இல்லம்மா. ஆனா நாப்பதும் எது எதுன்னு சொன்னது நான்தான்."