ஆரோக்கியமேரிக்குப் போட்ட பூஜ்யம்

வியாழன், இரவு.

ஐந்து திராட்சைத் தோட்டங்களின் விளைச்சலைக் கொடுத்து, பொதுவாக ஒரு தோட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று தேர்வில் கேட்டிருந்தோம். விடைக்குறிப்பில் சராசரி இருந்தது. ஆரோக்கியமேரி இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டேன்.

இன்று தாளோடு வந்தாள். "டீச்சர், ஒரு பெரிய தோட்டந்தான் சராசரியத் தூக்கிவிட்டுருச்சு. மத்த நாலும் அதுக்கு ரொம்பக் கீழ. காரணமும் எழுதியிருக்கேன், வாசிச்சீகளா?"

வாசிக்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்திருந்தேன்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "குறிப்புல உள்ளபடிதான் மத்த டீச்சர்களும் திருத்துனாக. மார்க்கப் பதிவேட்டுல ஏத்தியாச்சு, விடுங்கம்மா" என்றார்.

விடப்போவதில்லை. இன்னும் எத்தனை பேர் எழுதிய காரணத்தை வாசிக்காமல் அடித்தேனோ தெரியவில்லை. நாளை பிள்ளைகளிடமிருந்து எல்லா விடைத்தாளையும் திரும்ப வாங்குவேன். மதிப்பெண்ணைத் திருத்தத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மறுத்தாலும் முதல் தாளிலிருந்து வாசிப்பேன்.